மகள் ஸ்மார்ட் கண்ணாடி செய்யப் படிக்கணும் என்கிறாள்: என்ன படிக்க வைப்பது?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பயோ-மேத்ஸ் குரூப், பிளஸ் டூ போகப் போகிறாள். கண் எங்கே பார்க்கிறது, விரல் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு வேலை செய்யும் ஸ்மார்ட் கண்ணாடிகளை உருவாக்கத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி, இதற்கென்றே தனிப் பட்டம் இருக்கிறது, இப்போதே முன்பணம் கட்டுங்கள் என்கிறதாம். வீட்டுக்காரரோ, "ஹெச்.பி.எஃப். கதைதான் ஆகும்" என்று சொல்லிவிட்டாராம்.

முன்பணம் கட்டாதீர்கள் அம்மா. மகளைத் தடுக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் (ஹெச்.பி.எஃப்.) என்ற பிலிம் ஆலை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்த அந்த ஆலைக்கு, டிஜிட்டல் கேமரா வந்தபின் மீள வழியில்லை. ஸ்மார்ட் கண்ணாடிகளின் கதையும் பாதி அப்படித்தான். கூகுள் கிளாஸ் 2013இல் 1,500 டாலருக்கு வந்தது, பொதுமக்களுக்கான விற்பனை 2015இல் நின்றது. கண் அசைவை அறியும், தலையில் மாட்டும் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 என்ற கருவி 2019இல் வந்தது, 2024இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஒரு கருவியின் பெயரிலோ, "ஏ.ஆர்., வி.ஆர்." (கண்முன் கணினிக் காட்சிகளைக் காட்டும் நுட்பங்கள்) என்ற பெயரிலோ இருக்கும் பட்டத்தை நம்பி நாலு வருடத்தைக் கொடுக்கக் கூடாது.

ஆனால் கருவி போனாலும் அதற்குள் இருக்கும் வித்தை போகவில்லை. பேசவும் கையசைக்கவும் முடியாதவர்கள் பார்வையாலேயே எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பேசும் கருவிகள் பல வருடங்களாக இருக்கின்றன. 2024இல் ஐபோனிலேயே கண்ணால் இயக்கும் வசதி வந்துவிட்டது. ஐரோப்பாவில் புதிய கார் மாடல்களில், ஓட்டுநரின் கவனம் சிதறினால் எச்சரிக்கும் அமைப்பு 2024 ஜூலையிலிருந்து கட்டாயம். அதைப் பெரும்பாலும் கேமரா வைத்து, ஓட்டுபவரின் கண் ரோட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் செய்கிறார்கள். இந்தியாவில் "கண் அசைவுப் பொறியாளர்" என்று விளம்பரம் வரும் என எதிர்பார்க்காதீர்கள். அந்த வேலை கேமரா, சென்சார், கார் எலெக்ட்ரானிக்ஸ் என்று வேறு பெயர்களில்தான் இருக்கும்.

சரி, மகளுக்கு இது நிஜமான ஆசையா, வீடியோ பார்த்து வந்த ஆசையா? காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். கேமரா உள்ள ஒரு லேப்டாப் போதும், பக்கத்து வீட்டில் கடன் வாங்கியதாக இருந்தாலும் சரி. பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, கூகுள் இலவசமாகத் தரும் மீடியாபைப் என்ற மென்பொருளை லேப்டாப்பில் போடட்டும். கேமரா முன் கையைக் காட்டினால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிகள் வரை 21 புள்ளிகளைக் குறித்துத் தரும். கட்டைவிரல் நுனி 4ஆம் எண், ஆள்காட்டி விரல் நுனி 8ஆம் எண். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்தால் "கிள்ளியாச்சு" என்று எடுத்துக்கொள்ளும் நிரலை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். கை கேமராவுக்குப் பக்கத்தில் வந்தால் அதே தூரம் பெரிதாகத் தெரியும், நிரல் ஏமாந்துபோகும். உள்ளங்கையின் அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடிக்கிறாளா பாருங்கள். கம்பளிக் கையுறை போட்டால் என்ன ஆகிறது? சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால்? கொழுந்து பறிக்கிற ஒருவர் இதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கிள்ளும் கட்டளையாகிவிடுமே, அதை எப்படிப் பிரிப்பது? இந்தக் கேள்விகள் அவளை ராத்திரி தூங்கவிடாமல் செய்தால் அவள் இந்தத் துறைக்கானவள். எரிச்சலூட்டினால் அதுவும் நல்லதே, இப்போதே தெரிந்துவிட்டது.

கண்ணில் சிக்கல் இன்னும் அதிகம். நாம் எதையோ பார்க்கிறோம் என்பதால் அது நமக்கு வேண்டும் என்று அர்த்தமில்லை. பார்த்ததெல்லாம் திறந்துகொண்டால் தலை சுற்றிவிடும். அதனால்தான் தலையில் மாட்டும் ஆப்பிள் விஷன் புரோ கருவியில் கண்ணால் குறிபார்த்து, விரலைச் சேர்த்துத் தேர்வு செய்ய வைத்தார்கள். 2025இல் வந்த மெட்டா ரேபான் டிஸ்ப்ளே என்ற ஸ்மார்ட் கண்ணாடி கண்ணை விட்டுவிட்டு, மணிக்கட்டுப் பட்டையில் தசைகளின் மின்சைகையைப் படிக்கிறது. கண்ணைத் தொடரும் கருவிகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் அடித்து, கண்பாவையையும், கண்ணின் மேற்பரப்பில் அந்த ஒளி எதிரொளிக்கும் சிறு புள்ளியையும் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. நல்ல வெயிலில் திணறும், இமை தொங்கிய முதியவர்களிடம் திணறும். பைஃபோகல் போட்ட பாட்டியிடம் ஒரு கருவி தோற்றால் அது பாட்டியின் குறை அல்ல என்று நினைக்கிற பிள்ளைதான் இந்த வேலையில் நிலைப்பாள் என்பது என் எண்ணம்.

படிப்புக்கு வருகிறேன். என் முதல் விருப்பம் ஈ.சி.ஈ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். சென்சார், சிக்னல், சிப் எல்லாம் அங்கேதான், நிரலை வெளியிலும் கற்கலாம். நிரல்தான் பிடிக்கிறது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்றுதான் கட்-ஆஃப். உயிரியலில் எவ்வளவு எடுத்தாலும் அதில் சேராது. கணிதத்தில் விட்டுவிட வேண்டாம்.

மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஆர்வம் என்றால் பி.டெஸ்., அதாவது வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. அதற்கான யூசீட் நுழைவுத் தேர்வு எழுதி மும்பை, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களில் சேரலாம். எந்தக் குரூப் படித்தவர்களும் எழுதலாம், வரையத் தெரிய வேண்டும், கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தேர்வு ஜனவரியில் நடக்கும், பிளஸ் டூ பரபரப்பில் விண்ணப்ப நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள். அவள் பயோ-மேத்ஸ் என்பதால் யாரும் சொல்லாத இன்னொரு வழியும் உண்டு: பி.ஆப்டம், அதாவது கண் பரிசோதனைப் படிப்பு. ஸ்மார்ட் கண்ணாடி வந்தாலும் வராவிட்டாலும் கண் மருத்துவமனையில் வேலை இருக்கும். பிற்பாடு பார்வை ஆராய்ச்சிக்குப் போகவும் அடித்தளம் ஆகும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். மகள் 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றிதழ் கேட்பார்கள். பழைய பள்ளி தூரத்தில் இருந்தால் இந்த விடுமுறையிலேயே போய் வாங்கி வைத்துவிடுங்கள்.