வாசகர் கேள்வி-பதில்: மழை விட்டதும் யாரிடம் போவது?

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே குளிர்காலப் புயல் அடித்த இரண்டாம் நாளே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அவசரநிலை அறிவித்துவிட்டதாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெரு மூழ்கினால் பேரூராட்சியும் அப்படி அறிவிக்கலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: முடியாது. அங்கே அந்த அறிவிப்புதான் பணம் கேட்பதற்கு முதல் படி. அதிகாரி ஒருவர் அறிவித்தால், 7 நாளுக்குள் கவுண்டி மன்றம் அதை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் காலாவதி. மாநில உதவி வேண்டுமானால் சேதம் நடந்த 10 நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். அவசரம் அதனால்தான். மாநிலத்தாலும் தாங்க முடியாதபோது ஆளுநர் (அங்கே மக்கள் ஓட்டுப்போட்டு வருகிறவர், நம் முதல்வர் மாதிரி) அதிபரிடம் கேட்பார்.

இங்கே 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அதிகாரம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் இருக்கிறது. எந்தத் துறையின் ஆளையும் பொருளையும் இறக்கலாம், போக்குவரத்தை நிறுத்தலாம் (பிரிவு 34). டெண்டர் இல்லாமல் அவசரக் கொள்முதலுக்கு அனுமதிக்கலாம் (பிரிவு 50). உள்ளாட்சியின் வேலை ஆளும் கருவியும் ஆயத்தமாக வைப்பது, நிவாரணப் பணியைச் செய்வது (பிரிவு 41). 'தேசியப் பேரிடராக அறிவி' என்று 2018 கஜா புயலின்போது எழுந்த குரல் நினைவிருக்கும். சட்டத்தில் அப்படியோர் அறிவிப்புக்கு இடமே கிடையாது.

ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். புயலும் வெள்ளமும் நிவாரண நிதிப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆள் வந்து பார்த்து எழுதிய சேத அறிக்கைதான் பணத்தைக் கொண்டுவரும். அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுங்கள். நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செல்பேசியில் அழைத்தால் மாவட்டத் தலைநகரின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும்: சிவகங்கை 04575, புதுக்கோட்டை 04322. காரைக்குடி ஆட்கள் பழக்கதோஷத்தில் 04565 போடுகிறார்கள், அது உதவாது.

கேள்வி: எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. இரண்டாங்கட்டில் ஓட்டுக்கூரை சரிந்து சுவரும் விழுந்துவிட்டது. என்ன கிடைக்கும்?
– தேவகோட்டை வாசகி

பதில்: அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2022-26 காலத்துக்கான மத்திய விதிகளில், முழுதாக இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. பகுதிச் சேதமானால் கல் கட்டடத்துக்கு ரூ.6,500, மண் வீட்டுக்கு ரூ.4,000, அதுவும் சேதம் 15 சதவீதமாவது இருந்தால்தான். செட்டிநாட்டு வீட்டுக்குச் சிக்கலே இந்த 15-தான். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டில் ஒரு அறை விழுந்தால் கணக்கில் அது 5 சதவீதம்கூட வராது. கிடைத்தாலும் ஒரு தேக்கு உத்தரத்துக்குக் காணாது.

கேட்பதானால் ஒருவர் பெயரில் கேளுங்கள்: மற்ற ஏழு பேரின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது, ரசீது பாட்டனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, வங்கிப் புத்தக நகல். அலுவலர் பார்க்கும் முன் இடிபாட்டை அள்ள வேண்டாம். ஆபத்தென்று அள்ளியே ஆகவேண்டுமானால், முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்து, விழுந்த சுவரின் நீள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மீதிக் கூரையையும் பாருங்கள். இந்த வீடுகளில் பெரும்பாலும் முதலில் கெடுவது கூடல்வாய். இரண்டு சரிவும் சேரும் அந்த இடத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கடியில் புகுந்து சட்டத்தை உளுத்துப்போக வைக்கும்; சுவரும் ஊறும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியே போகாது, உள்ளேயே நின்று சுவரைத் தின்னும். புரட்டாசியிலேயே கூடல்வாயைத் துடைத்து வையுங்கள்.

கேள்வி: கண்மாய்ப் பாசன நெல், ஐந்து நாள் தண்ணீரில் நின்றது. ஏக்கருக்கு எவ்வளவு?
– புதுவயல் வாசகர்

பதில்: சேதம் 33 சதவீதத்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால் அதே விதிகளில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, அதாவது ஏக்கருக்குச் சுமார் ரூ.6,880. மானாவாரி என்றால் சரிபாதி, ரூ.8,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) இந்தப் போகத்து நெல் ஏறியிருக்கிறதா, பாசனம் என்று ஏறியிருக்கிறதா என்று விதைத்த மாதமே பாருங்கள். வாய்மொழிக் குத்தகைக்காரர் அடிபடுவது இங்கேதான்: பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும். வருவாய்த்துறையும் வேளாண்துறையும் கணக்கெடுக்க வரும் நாளில் வயலில் நில்லுங்கள். பயிர்க் காப்பீடு தனிப் பாதை. அதற்குச் சேதத்தைத் தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: கொட்டகை விழுந்து நான்கு ஆடுகள் செத்தன. புதைத்துவிடலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள். அதே 2022-26 விதிகளில் ஆட்டுக்கு ரூ.4,000, பசுவானால் ரூ.37,500. கொட்டகைக்கு ரூ.3,000 தனி, மனுவில் அதையும் எழுதுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.