வாசகர் கேள்வி – பதில்: நரிட்டாவில் ஓர் இரவு

கேள்வி: வரும் மாதங்களில் என் தாயாரை அழைத்துக்கொண்டு, கோலாலம்பூர், டோக்கியோ வழியாக வன்கூவரிலுள்ள தம்பியிடம் போகவிருக்கிறேன். மாலையில் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினால் மறுநாள் பின்னேரம்தான் அடுத்த விமானம். அங்கே ஆளுக்கொரு பெட்டி போன்ற படுக்கை தரும் கப்சூல் ஹோட்டலில் குறைந்த செலவில் தங்கலாம் என்கிறார் பயண முகவர். படத்தைப் பார்த்த அம்மா, “என்னைப் பெட்டிக்குள் படுக்க வைக்கப் போகிறாயா?” என்று கலங்கிவிட்டார். அவருக்கு 71 வயது. முழங்கால் வலியும் உண்டு. அவர் தம்பியுடன் தங்கிவிடுவார்; நான் மூன்று மாதத்தில் அதே வழியாகத் தனியே திரும்புவேன். பெண்கள் துணிந்து அங்கே தங்கலாமா?
— ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பெட்டியின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன் கடவுச்சீட்டைப் பற்றி யோசியுங்கள் சகோதரி. நரிட்டாவின் இரண்டாம் முனையத்தை ஒட்டிய வாகனத் தரிப்பிடக் கட்டடத்தில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘நைன் அவர்ஸ்’ கப்சூல் ஹோட்டல் குடிவரவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போவதென்றால் நீங்கள் ஜப்பானுக்குள் நுழைந்தாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு விசா தேவை. 15 நாட்கள் வரை தங்க இடமளிக்கும் இடைத்தங்கல் விசாவுக்குக் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் அறிவுறுத்தல்படி இப்போதே விண்ணப்பியுங்கள். திரும்பும்போதும் ஓரிரவு தங்குவதாயின் உங்களுக்கு இரு தடவை நுழைவதற்கான விசாவைக் கேளுங்கள். வழியில் இறங்குகிறவர்களுக்கு 72 மணித்தியாலம் வரை விமான நிலையத்திலேயே வழங்கப்படும் அனுமதி ஒன்றும் உண்டுதான். ஆனால் அது விமான நிறுவனம் கேட்டு, குடிவரவு அதிகாரி இணங்கினால் மட்டுமே கிடைப்பது. வயதான தாயை வைத்துக்கொண்டு அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். அம்மாவின் வாயில் அந்தச் சொல் என்ன பொருளில் வந்திருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. நானும் முதல் தடவை அதனருகே போனபோது அப்படித்தான் நினைத்தேன். நீளம் ஏறத்தாழ இரண்டு மீற்றர். அகலமும் உயரமும் ஒரு மீற்றர் அளவு. மேலொன்று கீழொன்றாக இரண்டு அடுக்கு. கொட்பேயில் நிற்கும் பலநாள் மீன்பிடிப் படகுகளின் படுக்கைத் தட்டுகளைப் பார்த்திருந்தால் அந்த ஒழுங்கு உங்களுக்குப் புதிதாக இராது. உள்ளே மெத்தை, தலையணை, தலைமாட்டில் ஒரு விளக்கு. நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. மெல்லிய இரைச்சலோடு காற்று வந்துகொண்டே இருக்கும், மூச்சு முட்டுவதில்லை. கால்மாட்டில் கதவுக்குப் பதிலாக ஒரு திரை. அதைக் கீழே இழுத்துவிட்டால் வெளிச்சம் மறைகிறது, ஓசை மறைவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு யாரோ ஒருவர் தம் பையின் சிப்பை இழுத்த ஓசை என் காதுக்குள்ளேயே கேட்டது. தொலைபேசியின் எலார்மை அதிரும் நிலையில் வைத்துத் தலையணைக்குக் கீழே வைக்குமாறு அதனால்தான் சொல்கிறேன். மறுநாள் உடுப்பையும் படுப்பதற்கு முன்னரே எடுத்து வைத்துவிடுங்கள்.

பூட்டில்லாத திரைக்குப் பின்னால் ஒரு பெண் படுப்பது பாதுகாப்பா என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். பெண்களுக்குப் படுக்கும் பகுதியும் குளிக்கும் இடமும் ஆண்களுடையவற்றிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கடவுச்சீட்டு, பணம், நகை ஆகியவற்றை உங்களுக்கென ஒதுக்கப்படும் லொக்கரில் வைத்துப் பூட்டலாம். தனியே பயணம் செய்யும் ஜப்பானியப் பெண்களும் இவற்றில் தங்குகிறார்கள். தனியே திரும்பும்போது நீங்கள் தயங்காமல் தங்கலாம் என்றே நான் கருதுகிறேன். ‘நைன் அவர்ஸ்’ என்ற பெயரே குளிக்க ஒரு மணித்தியாலம், உறங்க ஏழு, புறப்பட ஒன்று என்ற கணக்கில் வந்தது. களைத்த உடம்புக்கு அது போதும். துவாயும் இரவு உடுப்பும் செருப்பும் அவர்களே தருவார்கள். படுக்கைக்குள் வைத்துச் சாப்பிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் அம்மாவுடன் போகும் இரவில் இது வேண்டாம். இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே தனியாளுக்காக உருவானது. 1979இல் ஒசாக்காவின் உமேதாவில் முதலாவது கப்சூல் ஹோட்டல் திறக்கப்பட்டபோது, வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலகக்காரர்கள்தான் அதை நாடி வந்தார்கள். அதை வடிவமைத்த கிஷோ குரோகாவாதான் நீங்கள் மாறி ஏறப்போகும் கோலாலம்பூர் விமான நிலையத்தின் பிரதான முனையத்தையும் வடிவமைத்தவர். அந்த உயர்ந்த கூரையின் கீழ் காத்திருக்கும்போது அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு கப்சூலில் ஒருவர்தான் படுக்கலாம். மேலடுக்கு கிடைத்துவிட்டால் ஏணிப்படியில் கால் வைத்து ஏறுவது அந்த முழங்காலுக்கு ஆகாது. கீழடுக்கே கிடைத்தாலும் குனிந்து, முழந்தாளிட்டு ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். இரவில் கழிவறைக்குப் போவதற்கு அவர் உங்களைக் கூப்பிட வேண்டியிருந்தால், ஒரே மாதிரியான திரைகள் வரிசையாகத் தொங்கும் அந்த அரை இருட்டில் எதை விலக்குவார்? வாய்விட்டுக் கூப்பிட்டால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள் என்று கூச்சப்பட்டு வலியோடு பேசாமல் கிடந்துவிடுவார்.

ஆகவே போகும்போது நரிட்டாவைச் சுற்றியுள்ள வழக்கமான ஹோட்டல் ஒன்றில் இரண்டு கட்டில் கொண்ட அறையை முன்பதிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்கும் தமக்கும் இடையே இலவச பஸ் விடும் ஹோட்டல்கள் அங்கே பல உண்டு. செலவு கூடும், அந்தக் கூடுதலை முகவரிடம் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்காவில் பயணப் பொதியைக் கொடுக்கும்போது, அது நேரே வன்கூவருக்குப் போகுமா, நரிட்டாவில் உங்கள் கையில் தரப்படுமா என்பதையும் விசாரியுங்கள். எப்படியானாலும் அம்மாவின் மருந்துகளும் ஒரு மாற்றுடுப்பும் கைப்பையில் இருக்கட்டும்.