சீகன்பால்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: தமிழில் முதல் அச்சு நூலை வெளியிட்டவர் சீகன்பால்க் என்று எங்கள் திருச்சபை மலரில் போட்டிருந்தார்கள். சரியா? (திருநெல்வேலி வாசகர்)

ப: சரியில்லை. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. இரண்டும் இயேசு சபைத் துறவி அன்றீக் அடிகளாரின் பணி. அதற்கும் முன்பே, 1554ல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டது. ஜெர்மன் மிஷனரியான சீகன்பால்க், டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கியதோ 1706 ஜூலை 9.

அவருக்கு உரிய ‘முதல்’ வேறு. புதிய ஏற்பாடு முழுவதும் ஓர் இந்திய மொழியில் அச்சானது முதன்முதலாக அவருடைய மொழிபெயர்ப்பில்தான். நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714லும், முழு நூல் 1715லும் வந்தன. இத்தனை பெரிய சாதனையை வைத்துக்கொண்டு, அன்றீக் அடிகளாருக்கு உரியதையும் இவர் பேரில் எழுதுவது இருவருக்குமே நியாயம் அல்ல. அடுத்த மலரில் திருத்தம் போடச் சொல்லுங்கள்.

கே: அவர் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தாரா? (நாகர்கோவில் வாசகர்)

ப: இல்லை. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை முடித்திருந்தபோது இறந்துவிட்டார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே. 1728ல் பழைய ஏற்பாட்டின் அச்சு நிறைவடைந்தது.

கே: 24 வயதில் வந்த ஒரு ஜெர்மானியர், அகராதியோ இலக்கண நூலோ கையில் இல்லாமல், இரண்டே ஆண்டில் தமிழில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு எப்படித் தேறினார்? அவருடைய முறையை விளக்க முடியுமா? (தஞ்சாவூர் வாசகர், தமிழாசிரியர்)

ப: நல்ல கேள்வி. அவரே தம் கடிதங்களில் இதை எழுதிவைத்திருக்கிறார் என்பது நம் நல்லூழ்.

முதல் கட்டம் திண்ணைப் பள்ளி. வயதான தமிழ் வாத்தியார் ஒருவரை, அவருடைய பள்ளியோடு சேர்த்துத் தம் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இதனால் எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் அழகப்பன். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் நான்கும் பேசத் தெரிந்தவர். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்.

இரண்டாம் கட்டம் முறையான வாசிப்பு. காலை 7 முதல் 8 வரை, முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்ப்பார். 8 முதல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகளை மட்டும் படிப்பார். அப்போது பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் விளக்குவார். புதுச் சொல்லும் புது வழக்கும் வந்தால் எழுத்தர் உடனே ஓலையில் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதும் ஒருவர் படிக்கக் கேட்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடி வாசிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று, பிறர் படிக்கக் கேட்பது மட்டும்.

‘படிக்காத நூல்களை மட்டும்’ என்ற விதியைக் கவனியுங்கள். தெரிந்ததையே சுற்றிவந்தால் சொற்தொகை பெருகாது. சில ஆண்டுகளில் 20,000 சொற்களைத் தொகுத்தார்; பிறகு அது 40,000 வரை வளர்ந்தது. பேச்சுத் தமிழுக்கு ஒரு தொகுப்பும், செய்யுள் வழக்குக்குத் தனியாக இன்னொன்றும் வைத்திருந்தார். இரண்டையும் கலந்துவிட்டால் சந்தையில் பேசவேண்டிய இடத்தில் நிகண்டுச் சொல் வந்து விழும். இன்று தமிழ் கற்கும் வெளிநாட்டவர் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

சுவடிகளைத் திரட்டியதும் ஒரு திட்டத்தோடுதான். எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் மனைவிமாரிடம் இருந்த ஏடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கச் செய்தார். அவற்றுக்கு 1708ல் அவர் எழுதிய விளக்க அட்டவணையில் 119 தமிழ் நூல்கள், கிறிஸ்தவ, இஸ்லாமிய நூல்கள் நீங்கலாக, இடம்பெற்றன. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மனில் பெயர்த்தார்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர்களையும் எழுத்தர்களையும் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. அந்தக் கூட்டத்தை எடுத்துவிட்டால் 1715ன் புத்தகமே இல்லை.

கே: கிறிஸ்தவ அரசரே அனுப்பிய ஒருவரை, அந்த அரசரின் ஊழியர்களே சிறையில் அடைத்தது ஏன்? (மதுரை வாசகர்)

ப: அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். தரங்கம்பாடியை நடத்தியதோ டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கு வியாபாரம்தான் கணக்கு. மதமாற்றத்தால் ஊரில் சச்சரவு வந்தால் வியாபாரம் கெடும் என்பது கோட்டைத் தளபதி ஹாசியஸின் எண்ணம். முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளின் அடிமைகள் (1707 மே 12) என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எசமானர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? இந்தப் புகைச்சலுக்கு நடுவே, ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசினார். 1708 நவம்பரில் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டவர் நான்கு மாதம் கழித்து 1709 மார்ச்சில்தான் வெளியே வந்தார். 1708 அக்டோபர் 17 அன்று தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அதனால் தடைப்பட்டது. முடித்த நாள் 1711 மார்ச் 31.

கே: அவருடைய அச்சகம் எப்படி நடந்தது? எழுத்து, காகிதம், மை எல்லாம் கப்பலில் வரவேண்டிய காலம் அல்லவா? (சிவகாசி வாசகர், அச்சுத் தொழில்)

ப: தொழில் தெரிந்தவர் கேட்பதால் விரிவாகவே சொல்கிறோம். அச்சுப்பொறியை அனுப்பியது லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம். அது வந்த கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவந்த அச்சர் ஜோனாஸ் ஃபிங்க் வழியிலேயே காலமானார். கப்பல் மீட்கப்பட்டு 1712ல் பொறி வந்து சேர்ந்தது, ஓட்ட ஆள் இல்லை. கம்பெனிப் படையில் அச்சுத் தொழில் அறிந்த ஒரு ஜெர்மன் சிப்பாய் இருந்ததால் வேலை தொடங்கியது. கையில் இருந்தது ரோமன் எழுத்து மட்டும். ஆகவே முதலில் போர்த்துகீசிய நூல்கள்.

தமிழ் அச்செழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரில், இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்துச் செய்யப்பட்டு 1713ல் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் எஃகில் முத்திரை வெட்டி, அதைச் செம்பில் அடித்துத் தாய் அச்சு எடுத்து, அதில் ஈயக் கலவையை ஊற்றி வார்க்க வேண்டும். தமிழில் உகர, ஊகார உயிர்மெய்கள் மட்டுமே 36 தனி வடிவம். ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை. தமிழ் தெரியாத கைகள் இவ்வளவு நுணுக்கத்தைச் சிறிய அளவில் வெட்ட முடியவில்லை. எழுத்து பெரிதாக அமைந்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். எழுத்து பெரிதானால் பக்கத்தில் வரி குறையும், பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) கூடும், காகிதம் தீரும். அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை முடிக்கக் கையிருப்புக் காகிதம் போதவே போதாது. அதனால் ஹாலேயிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்ற தொழிலாளி, சிறிய தமிழ் எழுத்தை இங்கேயே வார்த்தார். பக்கத்து ஊரான பொறையாரில் ஒரு காகித ஆலையும் எழுப்பினார்கள். அது வெகுகாலம் நிலைக்கவில்லை. சீகன்பால்க் 1714ல் ஐரோப்பா புறப்பட்டபின் அச்சுவேலையை மேற்பார்த்து முடித்தவர் அவருடைய தோழர் கிருண்ட்லர். அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கே: 1715 பதிப்பின் பக்கப் படம் ஒன்றைப் பார்த்தேன். தமிழ்தான், ஆனால் ஒரு வரிகூட ஓடவில்லை. எப்படிப் படிப்பது? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: ஓலைச்சுவடியின் வழக்கத்தையே அச்சிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது (ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் வந்த பழக்கம்). ‘அவன’ என்று இருந்தால் ‘அவன்’ என்றும் படித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. ‘தெசம’ என்பது தேசம். மூன்றாவது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ‘கரரணம’ என்று தெரிவது ‘காரணம்’. அதிகம் திணறவைப்பது இந்தக் கடைசிதான். தெரிந்த பகுதியாக, மத்தேயு 6ல் உள்ள பரமண்டல ஜெபத்தை எடுத்து, மனப்பாடமாக இருப்பதோடு ஒப்பிட்டு வாசியுங்கள். அரைப் பக்கம் தாண்டினால் கண் பழகிவிடும்.

கே: ஒவ்வொரு நூலில் ஒவ்வொரு பிறந்த தேதி. எதை எழுதுவது? (சென்னை வாசகர், ஆய்வு மாணவர்)

ப: பிறந்தது 1682, சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில். ஜூலை 10 என்பது இன்று பரவலாக வழங்கும் தேதி. ஜூன் மாதத் தேதிகளையும் பார்ப்பீர்கள். அன்று சாக்சனியில் பழைய ஜூலியன் நாட்காட்டி இருந்தது. புதியதற்கு 10 நாள் பின்தங்கியது. டென்மார்க்கும் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் நாடுகளும் 1700ல் மாறிவிட்டன. இங்கிலாந்து 1752ல்தான் மாறியது. 1700லிருந்து இடைவெளியும் ஒரு நாள் கூடியது; ஆகவே தரங்கம்பாடிக் கடிதத்தையும் ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டை ஆவணத்தையும் பக்கத்தில் வைத்தால் 11 நாள் இடிக்கும். ஆங்கில ஆவணத்தில் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிக்கு ஆண்டும் ஒன்று குறைவாக இருக்கலாம், அங்கே புத்தாண்டு மார்ச் 25. அடிக்குறிப்பில் எந்த நாட்காட்டி என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று: அக்கால ஐரோப்பிய ஆவணங்களில் ‘மலபார்’ என்று வருவது தமிழையும் தமிழரையும்தான். கேரளத் தலைப்பின்கீழ் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

கே: இந்துத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அவருடைய மேலிடமே அச்சிட மறுத்ததாமே? (கும்பகோணம் வாசகர்)

ப: ஆம். தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை விளக்கும் நூலை 1713ல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷன் வேலையை வழிநடத்திய பிராங்கேயின் கருத்து, மிஷனரிகளை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிக்க, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது. கையெழுத்துப் படி 1867 வரை கிடந்து, சென்னையில்தான் அச்சேறியது. சீகன்பால்க் அந்தச் சமயத்தை ஏற்றவர் அல்லர். ‘அக்கியானம்’ என்று கண்டன நூல் எழுதியவர். ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி, தமிழர்களுக்கே கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கி, பதிவு செய்தார். அந்த 99 பதில் கடிதங்கள் ஹாலேயில் ஜெர்மனில் வெளிவந்தன. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர் என்ன நினைத்தார்கள் என்று அறிய இதைவிட நல்ல வாயில் குறைவு.

கே: தரங்கம்பாடி போனால் எதைத் தவறாமல் பார்க்கவேண்டும்? (சேலம் வாசகர்)

ப: மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து உண்டு. நகர வாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால், டேனிஷ்காரர் வழிபட்ட சீயோன் ஆலயமும் (1701), புதிய எருசலேம் ஆலயமும் வரும். பின்னது 1718 அக்டோபர் 11ல் பிரதிஷ்டையானது. முகப்பில் டென்மார்க் அரசரின் மணிமுடியும் பெயரெழுத்துச் சின்னமும் இருக்கும். வீதி முடியுமிடத்தில், கடலைப் பார்த்தபடி, 1620ல் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை, உள்ளே அருங்காட்சியகம். சீகன்பால்க் வாழ்ந்த வீடும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. புதிய எருசலேம் ஆலயத்துக்குள் பீடத்தருகே அவருடைய கல்லறை உள்ளது: 1719 பிப்ரவரி 23ல், 36 வயதில் மறைந்தார். மறுபக்கம், ஓராண்டு கழித்து இறந்த கிருண்ட்லர். பலர் முதல் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் பாருங்கள்.