கரை, கலுங்கு, குழாய்: ஐப்பசி மழைக்கு முன் வந்த கேள்விகள்

கண்மாய்க் கரையின் அடியில் நீர் கசிகிறது. ஆபத்தா? (தேவகோட்டை)

கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஆள் வைத்துக் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு (1077) சொல்லுங்கள். ஊற்றின் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறைபோல் வளையம் கட்டி உள்ளே நீர் ஏறவிடுங்கள். நீர் தெளிந்ததும் வளையத்தை உயர்த்துவதை நிறுத்தி, ஒரு பக்கம் வழியவிடுங்கள்.

மணல் மூட்டையை எவ்வளவு நிரப்புவது?

பாதிக்குச் சற்று மேல். பிதுங்கப் பிதுங்க நிரப்பினால் மூட்டைகள் ஒன்றோடொன்று படியாது. வாயை அடியில் மடித்து, செங்கல் கட்டுப்போல் இணைப்புத் தள்ளி அடுக்கி, மிதியுங்கள். 2 அடி உயரத்துக்கு அடிப்பகுதி 6 அடி அகலம் வேண்டும்.

கலுங்கில் (கண்மாய் நிறைந்ததும் மிச்ச நீர் வழியும் இடம்) வீணாகப் போகும் தண்ணீரை ஓரடி மூட்டை போட்டுத் தடுத்தால் என்ன? (கல்லல் பக்கத்து விவசாயி)

ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். அது வீணாகப் போகும் தண்ணீரில்லை ஐயா, கீழ்க் கண்மாயின் வரத்து. அதைவிட முக்கியம் உங்கள் கரை. நிறைமட்டத்துக்கு மேல் கரை 3, 4 அடிதான் நிற்கும். கலுங்கில் ஓரடி நீர் பாயும்போதே அதில் ஓரடி போய்விட்டது, அலைக்கு இன்னோரடி. மூட்டை போட்டால் மிச்சத்திலும் ஓரடி போச்சு. 10 மீட்டர் கலுங்கு, ஓரடி ஆழத்தில் நொடிக்கு 3,000 லிட்டர் வரை கழிக்கும். வாயை அடைத்தால் அத்தனையும் கண்மாய்க்குள்ளேயே ஏறி, கரையில் தாழ்ந்த இடம் எதுவோ அங்கே தாண்டும். மண் கரை, தாண்டும் நீரைத் தாங்காது. மேல் கண்மாய் உடைந்தால் அந்த வெள்ளம் மொத்தமாகக் கீழ்க் கண்மாயில் விழும். சங்கிலியில் அடுத்தடுத்து உடையும். பழைய கலுங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓய்ந்த பின், கடைசி நீரைப் பிடிக்க, அந்த இடைவெளியை அடைப்பார்கள். ஐப்பசியிலேயே அடைக்க அல்ல! மூட்டை ஏற்கெனவே கிடந்தால் இன்றே எடுங்கள். மறுபடி சொல்கிறேன்: கலுங்கை அடைக்காதீர்கள்.

வரத்துக்காலின் (கண்மாய்க்கு நீர் வரும் கால்வாய்) குறுக்கே 2 அடிக் குழாய்க்குப் பதில் ஓரடிக் குழாய் இரண்டு போடுகிறார்கள். சரிதானே?

சரியில்லை. இரண்டும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். ஒரு சீமைக்கருவேல முள் சிக்கினால் அதுவும் இல்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது. என்ன செய்வது?

எந்தத் தெரு, எத்தனை மணி நேரம், எந்த ஊரணிக்குப் போக வேண்டிய தண்ணீர்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? மழை விட்ட அரை மணியில் தெருக்கோடிவரை நடந்து, ஓட்டம் எங்கே நிற்கிறதென்று பார்த்து எழுதுங்கள்.

முற்றத்து நீர் போகும் பழைய தூம்பு அடைபட்டுவிட்டது. பாதாளச் சாக்கடையில் இணைக்கலாமா? (கோட்டையூர்)

கூடாது. 5,000 சதுர அடி ஓட்டுக்கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 45,000 லிட்டர். சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு, கழிவு தெருவில் மிதக்கும். தூம்பைத் தோண்டித் துப்புரவு செய்து ஊரணிக்கே விடுங்கள்.

கண்மாய் பற்றி எங்கே மனுக் கொடுப்பது?

ஆயக்கட்டு (கண்மாயில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மனுவில் சர்வே எண் இருக்கட்டும்.