எடுபிடி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அணிக்கு எட்டுப் பேர். ஒருவர் ஜெயிக்க, மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் சுமந்து எடுபிடி வேலை பார்க்கிறார்கள். இதெல்லாம் ஒரு பிழைப்பா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பிழைப்பு அப்புறம். அந்த ‘எடுபிடி’யை முதலில் பார்ப்போம். உங்களுக்கு முன்பே, 1911-ல், ஒருவர் அதைச் சொல்லிவிட்டார். டூர் தி பிரான்ஸை நடத்திய ஆன்ரி தேகிராஞ்ச், மற்ற வீரர்களுக்கு உதவப் போன மோரிஸ் புரோக்கோவை ‘வேலைக்காரன்’ என்று ஏசினார். புரோக்கோ அதே பந்தயத்தில் ஒரு நாள் எல்லோரையும் பின்னால் விட்டு முதல் ஆளாக வந்து காட்டினார். அந்த வசவுச் சொல்தான், தொமெஸ்தீக், இன்று அந்த வேலைக்கே பெயர்.

ஆடி மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்கு சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? மேல்காற்று மார்பில் கை வைத்துத் தள்ளும். நாலு பையன்கள் சேர்ந்து போனால், திடமானவன் முன்னால் போவான். மற்றவர்கள் அவன் முதுகை ஒட்டிக்கொண்டு வருவார்கள். காற்றை அவன் வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவர்களுக்கு மிதி லேசாகிவிடும். மூன்று வாரம், 21 கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர் இதையே செய்வதுதான் நீங்கள் சொல்லும் எடுபிடி வேலை.

பெல்ஜியத்துக்காரர் டிம் டெக்லெர்க்குக்குப் பட்டப்பெயரே ‘டிராக்டர்’. 2021-ல் அவர் அணியின் மார்க் கேவண்டிஷ் நான்கு கட்டங்களை வென்று, அந்தக் காலத்துச் சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைத் தொட்டார். அந்த ஆண்டு பந்தயத்தை முடித்தவர்களில் கடைசி இடம் யாருக்குத் தெரியுமா? டெக்லெர்க்குக்கு. நாளெல்லாம் கூட்டத்தின் முன்னால் காற்றில் உழுதவர் பட்டியலில் கடைமடை.

கடைமடை என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறாகப் பிரிந்து உங்கள் பக்கம் வருகிறது. அது தானாக வயலுக்கு வருவதில்லை. ஆற்றங்கரையில் சைக்கிளில் போய், ஷட்டரை எவ்வளவு தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று பார்க்கிற லஸ்கர் இருக்கிறாரே, அவர் கொண்டுவருகிறார். அவரும் தண்ணீர் சுமக்கிறவர்தான். தலைமடைக்காரர் அவரை அதட்டுவார், கடைமடைக்காரர் திட்டுவார். ஓய்வுபெற்ற லஸ்கரின் இடத்துக்கு ஆள் போடாமல் ஒருவர் தலையிலேயே நாலு ஷட்டரைக் கட்டினால் என்ன ஆகும் என்று இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். திறப்பு விழாவில் பூத் தூவுகிறவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அவர் பெயர் எங்கே?

சரி, பிழைப்பா என்று கேட்டீர்கள். ஆமாம், பிழைப்புதான். ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகிறார்கள். கட்டம் ஜெயித்தவர் அன்று மாலை முதலில் கட்டிக்கொள்வது அந்த ஏழு பேரைத்தான். உங்கள் வாய்க்கால் லஸ்கர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.