லைட் எரியுது, ஸ்கேனர்ல கோட் ஒண்ணும் இல்லையா?

ப்ரோ, இன்ஜின் லைட் எரிஞ்சு சில நாள்ல தானா அணைஞ்சிடுது, ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் பண்ணிட்டு ஃபால்ட் எதுவும் இல்லன்னு அனுப்பிடறாங்கன்னு சொல்றீங்க. ஃபால்ட் திரும்ப வரலன்னா மூணு டிரைவ் சைக்கிள்ல (ஸ்டார்ட் பண்ணி ஓட்டி ஆஃப் பண்றது ஒரு சைக்கிள்) லைட் தானா அணையும், ஆனா கோட் (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற ஃபால்ட் நம்பர்) அப்பவே அழியாது, பொதுவா 40 வார்ம்-அப் சைக்கிள் (குளிர்ந்த இன்ஜின் ஒருவாட்டி சூடாகறது) வரைக்கும் மெமரில கிடக்கும், அதனால சுத்தமா ஒண்ணுமே இல்லன்னா யாரோ கிளியர் பண்ணிருக்கலாம், இல்ல பேட்டரிய கழட்டிருக்கலாம் (ஸ்கேனர்ல ரெடினஸ் மானிட்டர்னு, வண்டி தன்னையே டெஸ்ட் பண்ணி முடிச்சுதான்னு காட்டற லிஸ்ட் இருக்கும், அதுல பாதிக்கு மேல நாட் ரெடின்னு வந்தா அதேதான்னு சந்தேகப்படலாம்).

இன்னொண்ணு, சாதா ஸ்கேனர் பொதுவான கோட மட்டும்தான் படிக்கும், கம்பெனி தனியா வச்சிருக்கற கோட் அதுல தெரியாமலே போகலாம். அந்த பிராண்டுக்கான டூல்ல லைட் எரியறப்பவே பாக்க சொல்லுங்க, பெண்டிங் கோடும் (இன்னும் உறுதியாகாத ஃபால்ட்) ஃப்ரீஸ் ஃப்ரேமும் (ஃபால்ட் பதிவான நேரத்து ரீடிங்) சேத்து. ஃப்ரீஸ் ஃப்ரேம்தான் முக்கியம், எந்த ஆர்பிஎம், எந்த ஸ்பீடு, இன்ஜின் சூடா குளிரா எல்லாம் அதுல இருக்கும், பாதி பேர் அத திறந்தே பாக்கறதில்ல!

அப்புறம் லைட் எரியறப்ப ஸ்கேனர்ல எம்ஐஎல் ஸ்டேட்டஸ் (இன்ஜின் லைட்ட எரிய வைக்க கம்ப்யூட்டர் சொல்லிருக்கான்னு காட்டறது) ஆஃப்னு காட்டினா பிரச்சனை இன்ஜின்ல இல்ல, மீட்டர்லயோ வயரிங்லயோ தேடணும். சர்வீஸ் ரிமைண்டர் லைட்டான்னும் மேனுவல்ல ஒருவாட்டி பாத்துக்கோங்க.

சும்மா சென்சார் மாத்த மட்டும் ஒத்துக்காதீங்க. லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல), ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற பார்ட்) காலி ஆயிடும்.