ஒரு படம், ஒரு சாயங்காலம்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு போகிறான். வரலாறு என்றாலே முகத்தைச் சுளிக்கிறான். பழைய அரசியல் கேலிச்சித்திரங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்களே, இந்தக் கோடை லீவில் வீட்டிலேயே முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக முடியும். வகுப்பில் நான் செய்து பார்த்ததுதான். ஆனால் படங்களை மூட்டை கட்டிக்கொண்டு உட்காராதீர்கள் அம்மா. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு படம் போதும்.

லண்டன் 'பஞ்ச்' இதழில் 1876 ஏப்ரலில் ஜான் டென்னியல் வரைந்த படத்திலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும். பிரதமர் டிஸ்ரேலி கீழைநாட்டு வியாபாரி வேடத்தில் வந்து, விக்டோரியா மகாராணியிடம் கிரீடத்தை நீட்டுகிறார். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "இங்கே என்னடா நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பெயர், வருடம் எல்லாம் அப்புறம். அவன் பேசி முடித்ததும் தலைப்பைக் காட்டுங்கள்: 'பழைய கிரீடத்துக்குப் புதுக் கிரீடம்!' அலாவுதீன் கதையில் பழைய விளக்குக்குப் புது விளக்கு தருவதாகக் கூவி வந்தவன் யார்? ஏமாற்றுக்கார மந்திரவாதி. சரி, அப்படியானால் ராணிக்கு 'இந்தியப் பேரரசி' பட்டம் கொடுப்பது டென்னியலுக்குப் பிடித்திருந்ததா? பையனே சொல்லிவிடுவான்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: இந்தியாவுக்கான கிரீடம், படத்தில் இந்தியர் எங்கே? அந்த ஆண்டே மழை பொய்த்தது. சென்னை மாகாணம் பட்டினியில் கிடக்கும்போது, 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்திப் பட்டத்தை அறிவித்தார். நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் இதுதான். இதைச் சொன்ன பிறகு படத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேலிச்சித்திரம் வரைந்தவரின் கருத்து, நடந்ததற்குச் சாட்சி அல்ல. பிரதமரைக் கிண்டல் செய்த இதே டென்னியல், 1857 கிளர்ச்சியின்போது வங்கப் புலிமேல் பிரிட்டிஷ் சிங்கம் பாய்வதாக வரைந்தவர். புலியின் காலடியில் வெள்ளைக்காரப் பெண்ணும் குழந்தையும். அந்தப் புலி யார் என்று கேட்டாலே பையனுக்குச் சுருக்கென்று உறைக்கும்.

மறுபக்கத்துப் பேனாவுக்கு, பாரதியார் நடத்திய 'இந்தியா' வார இதழில் 1906 முதல் வந்த கருத்துப்படங்கள் இருக்கின்றன. அவை புத்தகமாகவே தொகுக்கப்பட்டுள்ளன, நூலகத்தில் கேளுங்கள். தயவுசெய்து கடைசியில் 'பத்து வரி எழுது' என்று நோட்டை மட்டும் நீட்டிவிடாதீர்கள். அவனுக்கு லீவு.